சிடி இஃப்னி போகலாமா? அடிக்கடி வரும் கேள்விகளும் நேரடியான பதில்களும்

சிடி இஃப்னி மொராக்கோவின் தென்மேற்கில், அட்லாண்டிக்கை ஒட்டிய பாறை மேட்டில் இருக்கும் மீன்பிடி ஊர். மக்கள்தொகை இருபதாயிரம் சொச்சம். இந்தப் பக்கம் போக நினைக்கிற தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

மராக்கேஷ், ஃபெஸ், சஹாரா என்று இவ்வளவு இருக்கும்போது இந்தச் சின்ன ஊருக்கு எதற்குப் போக வேண்டும்?

கட்டாயம் எதுவும் இல்லை. மொராக்கோவில் மொத்தமே ஒரு வாரம்தான் என்றால் இஃப்னியை விட்டுவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. பத்துப் பன்னிரண்டு நாள் இருந்து, மராக்கேஷ் கடைத்தெருவில் "வாங்க, சும்மா பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தே அலுத்துப்போனவர்களுக்கு இந்த ஊர் பிடிக்கும். இங்கே உங்களை யாரும் இழுக்க மாட்டார்கள். மீன் வந்ததா, இன்று கடல் எப்படி, டீ கொதித்துவிட்டதா என்பதுதான் ஊரின் கவலை. சுற்றுலாப் பயணிகளுக்கென்று தயாராக வைத்த ஊர் இல்லை இது, பாதிக் கட்டடங்களில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருக்கும். அது குறையாகத் தெரிகிறவர்கள் எஸ்ஸவீராவோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் மீன்பிடி ஊர்தான், அழகாகவும் வைத்திருக்கிறார்கள், யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது.

எப்படிப் போய்ச் சேர்வது? ரயில் உண்டா?

கிடையாது. மொராக்கோவின் ரயில் பாதை தெற்கே மராக்கேஷோடு முடிந்துவிடும். நம் பக்கத்திலிருந்து பெரும்பாலும் துபாய் அல்லது தோஹா வழியாகக் காசாபிளாங்காவில் இறங்குவோம். அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் அகாதிர், அல்லது மராக்கேஷ் வரை ரயில், அப்புறம் அகாதிருக்கு பஸ். சிடிஎம், சுப்ராடூர்ஸ் இரண்டும் நம்பகமான பஸ் கம்பெனிகள், இரண்டாவது ரயில்வேயின் சொந்த பஸ்.

அகாதிரிலிருந்து இஃப்னிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். நேரடி பஸ் சரியான நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்றால், அகாதிரை ஒட்டிய இனெஸ்கான் நிலையத்துக்குப் போய் டிஸ்னிட் வரை ஒரு கிராண்ட் டாக்ஸி, டிஸ்னிட்டிலிருந்து இஃப்னிக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது பகுதியில் மிர்லெஃப்ட் வழியாகக் கடலோரமாகவே போகும் சாலை இருக்கிறது. தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடல் அந்தப் பக்கம்.

அந்த கிராண்ட் டாக்ஸி எப்படி வேலை செய்கிறது?

ஷேர் டாக்ஸிதான். ஆறு பேர் சேர்ந்தால் கிளம்பும், சேரும்வரை கிளம்பாது. ஒரு காலத்தில் எல்லாம் பழைய மெர்சிடிஸ், முன்னால் டிரைவரோடு இரண்டு பேர், பின்னால் நான்கு பேர் திணிக்கப்பட்டு, யார் தொடை யாருடையது என்று தெரியாமல் போக வேண்டும். இப்போது பெரும்பாலும் ஏழு சீட் வண்டிகள் வந்துவிட்டதால் கொஞ்சம் மனிதர் மாதிரி உட்காரலாம். ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்பது நிர்ணயித்த கட்டணம், பேரம் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று பார்த்து அதையே கொடுங்கள். அவசரமானால் மிச்சமிருக்கும் சீட்டுகளுக்கும் நீங்களே பணம் கொடுத்துக் கிளப்பிக்கொண்டு போகலாம். மாலை இருட்டிய பிறகு ஆள் சேர்வது கஷ்டம், மதியத்துக்குள் டிஸ்னிட்டைத் தாண்டிவிடுவது நல்லது.

எந்த மாதம் நல்லது? ஆப்பிரிக்காவாயிற்றே, வெயில் கொளுத்தாதா?

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் மராக்கேஷ் 40 டிகிரியைத் தாண்டி வேகும்போது இஃப்னியில் நீங்கள் ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருப்பீர்கள். காலையில் கண் விழித்தால் எதிர் வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி. சில நாள் மதியம் விலகும், சில நாள் விலகவே விலகாது.

காரணம் கடல். இந்தக் கரையோரம் கேனரி நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. அதோடு வடகிழக்குக் காற்று மேல்மட்டத் தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டே இருக்க, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. அந்தத் தண்ணீரில் சத்து அதிகம், அதைத் தின்று மிதவை உயிரிகள் பெருகும், அவற்றைத் தின்ன மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வரும். கடல்மேல் வீசும் ஈரக்காற்று அதே குளிர்ந்த தண்ணீரில் பட்டால் மூடுபனி. ஆக, பனியைத் திட்டிக்கொண்டே மத்தியைச் சாப்பிட முடியாது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. பகலில் இதமாக இருக்கும், இரவில் குளிரும். ஹீட்டர் இல்லாத அறைகள்தான் அதிகம், கூடுதல் போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம், நீந்தத் தெரிந்தவர்கள் அமைதியான நாளில் இறங்கலாம். கோடையிலேயே தண்ணீர் 20 டிகிரி வாக்கில்தான் இருக்கும், வங்காள விரிகுடாவில் குளித்துப் பழகிய உடம்புக்கு முதல் ஐந்து நிமிடம் பல் கிட்டித்துவிடும். அதைவிட முக்கியம், இது திறந்த அட்லாண்டிக், உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. குளிர்காலத்துப் பெரிய அலைக்காகவே சர்ஃபிங் செய்பவர்கள் இங்கே வருகிறார்கள், அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். உள்ளூர்ப் பையன்கள் இறங்காத இடத்தில் நீங்களும் இறங்காதீர்கள்.

துறைமுகத்துக்குள் போய்ப் பார்க்க விடுவார்களா?

துறைமுகம் ஊருக்குள் இல்லை, தெற்கே சற்றுத் தள்ளி இருக்கிறது, நடந்தும் போகலாம், ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸியிலும் போகலாம். வாயிலில் காவல் இருக்கும், அன்றைய ஆளைப் பொறுத்து விடுவார்கள் அல்லது கேள்வி கேட்பார்கள். மரியாதையாகக் கேளுங்கள், முடியாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள், வாதாட வேண்டாம். சீருடைக்காரர்களையும் அரசுக் கட்டடங்களையும் படம் எடுக்கக் கூடாது. மீனவர்களை எடுப்பதானால் முதலில் கேட்டுவிடுங்கள், பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள்.

உள்ளே போனால் இரண்டு வகை உலகம். ஒருபக்கம் சுருக்குவலை போட்டு மத்தி, கானாங்கெளுத்தி அள்ளும் பெரிய மரப் படகுகள். இன்னொருபக்கம் மூன்று நான்கு பேர் போகும் சின்னப் படகுகள், இவர்கள் கணவாய், பேய்க்கணவாய், நாக்குமீன், விலாங்கு என்று விலை போகும் சரக்கைக் கொண்டுவருவார்கள். ஏலக்கூடத்தில் முடிந்ததும் நல்லதெல்லாம் ஐஸ் போட்டு லாரி ஏறி அகாதிர் பக்கம் போய்விடும். மீன் போகிறது, வேலையும் கூடவே போய்விடுகிறது என்பது இந்த ஊரின் பழைய கோபம். 2008-ல் வேலை கேட்டு இளைஞர்கள் துறைமுகத்தை மறித்து மீன் லாரிகளை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள், ஜூன் 7 அன்று போலீஸ் உள்ளே புகுந்து அடித்துக் கலைத்தது. அந்த நாளை ஊர்க்காரர்கள் கறுப்பு சனிக்கிழமை என்கிறார்கள். நீங்களாக இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மீன் எங்கே, எப்படிச் சாப்பிடுவது?

ஹோட்டல் மெனுவைப் பார்க்காதீர்கள். மீன் மார்க்கெட்டுக்குப் போய், கண்ணும் செவுளும் பார்த்து நீங்களே வாங்குங்கள், நாம் இதில் யாருக்கும் சளைத்தவர்களா என்ன. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால், சுடுவதற்கு ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு கரியில் சுட்டு, ரொட்டி, வெங்காயம் தக்காளி சாலட், எலுமிச்சையோடு தட்டில் வைப்பார்கள். எல்லாக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மீன் வாங்குவதற்கு முன்பே கடையில் கேட்டுவிடுங்கள்.

தவறவிடக் கூடாதது, ஜோடி மத்தி. மீன்காரர் சின்னக் கத்திகூட இல்லாமல் கட்டைவிரலாலேயே தலையைத் திருகி, குடலோடு சேர்த்து இழுத்து, வயிற்றைத் திறந்து முள்ளை வால்வரை ஒரே இழுப்பில் உரித்துவிடுவார். விரித்த மத்தியில் ஷர்மூலா தடவுவார்கள், அதாவது கொத்தமல்லித்தழை, பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்த விழுது. அதன்மேல் இன்னொரு விரித்த மத்தியை, தோல் வெளியே இருக்கும்படி, மூடி அழுத்தி மாவில் புரட்டிப் பொரிப்பார்கள். காரம்தான் நமக்குப் போதாது, அவர்கள் மிளகாய்த்தூள் நிறத்துக்கு மட்டும்தான். கூடவே ஹரிசா என்ற மிளகாய் விழுதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடல் கொந்தளிப்பான நாட்களில் படகு போகாது, மீனும் இருக்காது. அன்று தட்டில் வருவது பழைய சரக்கு, கோழி தாஜீன், அதாவது மூடிய மண்சட்டியில் மெல்ல வேகவைத்த குழம்பு, சொல்லிவிடுங்கள். பேய்க்கணவாய்க்கும் ஆண்டில் சில மாதம் தடைக்காலம் உண்டு, நம் ஊர் மீன்பிடித் தடைக்காலம் மாதிரியே இனப்பெருக்கத்துக்காக விடுவது. அந்தச் சமயத்தில் இல்லை என்றால் இல்லைதான்.

நான் சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் ஒரே மாதிரிச் சாப்பிட்டு அலுக்கும். காலையில் ம்செமன், இது நம் வீச்சு பரோட்டாவின் ஒன்றுவிட்ட சகோதரன், தேனோடு அல்லது பாலாடைக்கட்டியோடு. குளிர்காலத்தில் பிஸ்ஸாரா, காய்ந்த பெரிய பீன்ஸ் பருப்பை வேகவைத்துக் கடைந்து மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் விட்டது, ஒரு கிண்ணம் குடித்தால் மதியம் வரை பசிக்காது. வெள்ளை பீன்ஸ் லூபியா, பருப்பு அதஸ், கத்தரிக்காயைச் சுட்டு மசித்த ஸாலூக், எல்லாம் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். அம்லூவையும் விடாதீர்கள், பாதாமும் ஆர்கான் எண்ணெயும் தேனும் சேர்த்தது, இந்தத் தென்பகுதியின் சொந்தச் சரக்கு.

கவனிக்க வேண்டியது காய்கறி தாஜீனும், வெள்ளிக்கிழமை கூஸ்கூஸும் (ரவை மாதிரி கோதுமை மணிகளை ஆவியில் வேகவைத்தது). மேலே காய் மட்டும் தெரிந்தாலும் கீழே இறைச்சிச் சாறு இருக்கலாம். "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல். அப்படிச் சொன்னாலும் கறித்துண்டை எடுத்துவிட்டுத் தருவது உண்டு. கறாரான சைவம் என்றால் முந்தின நாளே தங்குமிடத்தில் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

ஊர் பார்க்க மொராக்கோ மாதிரியே இல்லையே, ஸ்பெயின் கட்டியதா?

ஆமாம், அதுதான் இதன் கதை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இந்தக் கரையில் எங்கேயோ ஒரு சின்னக் கோட்டை வைத்திருந்து இழந்தார்கள். 1859-60 போரில் மொராக்கோ தோற்றதும், அந்தப் பழைய கோட்டை இருந்த இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். கூத்து என்னவென்றால் அந்த இடம் எது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கடைசியில் இஃப்னிதான் என்று வைத்துக்கொண்டார்கள், அப்படியும் உண்மையில் வந்து பிடித்தது 1934-ல். எழுபது வருடத்துக்கு மேல் கழித்து!

அப்புறம் விறுவிறுவென்று ஒரு ஊரையே எழுப்பினார்கள். அது ஆர்ட் டெகோ பாணியின் காலம், அதனால் வளைந்த மூலைகள், வட்ட ஜன்னல்கள், கப்பல் மாதிரியே கட்டிய ஒரு கட்டடம், அதோடு மொராக்கோ வளைவுகள், எல்லாம் வெள்ளையும் நீலமும். 1956-ல் மொராக்கோ சுதந்திரம் அடைந்தபோதும் ஸ்பெயின் இஃப்னியை விடவில்லை. 1957 நவம்பரில் போர் மூண்டது, சுற்றுப்புறம் எல்லாம் கைவிட்டுப்போய் ஊர் மட்டும் ஸ்பெயினிடம் மிஞ்சியது. 1969 ஜூன் 30 அன்றுதான் அதையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சுற்றியுள்ள அய்த் பாம்ரான் என்ற அமாசிக் (பெர்பர்) குலத்தாருக்கு அந்தத் தேதி இன்றும் பெரிய நாள்.

ஊர் நடுவே உள்ள சதுக்கம் முன்பு ஸ்பெயின் சதுக்கம், இன்று இரண்டாம் ஹசன் சதுக்கம். அதைச் சுற்றியே பழைய தேவாலயம், தூதரகக் கட்டடம், நகராட்சி எல்லாம். தேவாலயம் பின்னாளில் நீதிமன்றமாகிவிட்டது. டிக்கெட் கிடையாது, வழிகாட்டி தேவையில்லை, ஒரு மாலை நடந்தால் போதும். ஊருக்குள்ளேயே பழைய விமான ஓடுபாதை ஒன்று கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே சந்தை கூடும்.

கடலுக்குள் தனியாக ஒரு கான்கிரீட் மேடை நிற்கிறதே, என்ன அது?

ஸ்பானியர்கள் 1960களில் கட்டிய ரோப்வே நிலையம். இங்கே கப்பல் ஒதுங்க இயற்கையான இடம் இல்லை, அலையும் மோசம். அதனால் கப்பலைக் கடலிலேயே நிறுத்தி, அந்த மேடையில் சரக்கை இறக்கி, கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கரைக்கு இழுத்தார்கள். கட்டிய கொஞ்ச வருடத்தில் ஊரையே விட்டுப்போக வேண்டியதாயிற்று. எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த கட்டடம் இதுதான், எவ்வளவு பணம், எவ்வளவு மூளை, எல்லாம் இன்று கடற்பறவைகள் உட்கார.

லெக்ஸிரா கடற்கரை வளைவுகள் இன்னும் இருக்கின்றனவா?

ஒன்று இருக்கிறது. இரண்டு பெரிய செம்பாறை வளைவுகளில் ஒன்று 2016 செப்டம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. இணையத்தில் இன்னும் பழைய படத்தையே போட்டு ஆள் சேர்க்கிறார்கள். மிச்சமிருப்பதும் பார்க்க வேண்டியதுதான், இஃப்னிக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர். கடல் வற்றும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டுக்கொண்டு அப்போது போங்கள், ஏறும் நேரத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் திரும்ப வழியிருக்காது. வளைவுக்கு நேர் அடியில் நின்று அரை மணி நேரம் செல்ஃபி எடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஒன்று விழுந்த பாறை.

ஊரைச் சுற்றி மலையெல்லாம் கள்ளியாகவே இருக்கிறதே?

சப்பாத்திக்கள்ளி. நமக்கு வேலியில் முளைக்கும் தொல்லை, இவர்களுக்குப் பணப்பயிர். பழம் தின்ன, விதையிலிருந்து எண்ணெய் எடுக்க. வண்டியில் வைத்து முள்ளோடு தோலைச் சீவி உங்கள் கண்முன்னே கொடுப்பார்கள், கோடையிலும் அதற்குப் பிறகும் கிடைக்கும். ஆனால் 2014 முதல் மாவுப்பூச்சி மாதிரி வெள்ளையாக அப்பிக்கொள்ளும் கோச்சினீல் பூச்சி மொராக்கோவின் கள்ளித் தோட்டங்களை அழித்துவருகிறது. தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளி காடாகப் பரவியபோது அதை ஒழிக்க 1920களில் நாமே கொண்டுவந்து விட்ட பூச்சியும் இதே இனம்தான். அங்கே வரம், இங்கே சாபம்.

மலைக்கு மேலே போனால் பூத்மெஸ்கிதா என்ற சிகரத்தில் மூடுபனியைப் பிடிக்க வலை கட்டியிருக்கிறார்கள். பனி வலையில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கிக் கீழே உள்ள கிராமங்களுக்குக் குடிநீராகப் போகிறது. தார் சி ஹமத் என்ற அறக்கட்டளையின் வேலை.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா?

வீட்டில் அமாசிக் மொழியான தாஷல்ஹீத், தெருவில் தாரிஜா என்ற மொராக்கோ பேச்சு அரபு, அலுவலகத்தில் பிரெஞ்சு, வயதானவர்கள் சிலரிடம் இன்னும் ஸ்பானிஷ். ஆங்கிலம் இளைஞர்களிடம் மட்டும். "ப்ஷால்" என்றால் எவ்வளவு, "ஸாஃபி" என்றால் போதும். "அஸுல்" என்று தாஷல்ஹீத்தில் வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். இந்தியர் என்று தெரிந்தால் ஷாருக் கான் பெயர் வரும், ஒரு ஹிந்திப் பாட்டும் வரும். உங்களுக்கு ஹிந்தி தெரியாது என்பதை அவர்கள் நம்பவே மாட்டார்கள், சிரித்துவிட்டு நகருங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். பெரிய நகரங்களைவிடத் தொந்தரவு குறைவு. தோளும் முழங்காலும் மறையும் உடை ஊருக்குள் வசதி. சில டீக்கடைகள் ஆண்கள் மட்டுமே உட்காரும் இடங்கள், உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடும், அடுத்த கடைக்குப் போய்விடலாம். இருட்டிய பிறகு தனியாகக் கடற்கரைப் படிக்கட்டில் இறங்க வேண்டாம், இது ஆண்களுக்கும்தான்.

ரமலான் மாதத்தில் போனால்?

பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், நோன்பு திறந்த பிறகு ஊர் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும். ஹரீரா சூப்பும் பேரீச்சம்பழமும் யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பகலில் தெருவில் தண்ணீர் குடிப்பதைத் தவிருங்கள். இன்னொரு சிக்கல், மொராக்கோவில் ரமலானுக்கு மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள், மற்ற மாதங்களில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் என்றால் அப்போது ஐந்தரை. பஸ், விமான நேரத்தை இருமுறை பாருங்கள்.

விசா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். இ-விசா இருக்கிறது, மொராக்கோ அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவுக்கு விசா இல்லை. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

எத்தனை இரவு தங்கலாம்?

குறைந்தது இரண்டு. அகாதிரிலிருந்து பகல் பயணமாகக் கூட்டிவந்து, லெக்ஸிராவில் படம் எடுக்கவிட்டு, இஃப்னியில் ஒரு டீ வாங்கிக்கொடுத்துத் திருப்பிக்கொண்டு போகும் வண்டிகள் உண்டு. அதில் போனால் ஒன்றும் தெரியாது, அன்று மூடுபனி இருந்தால் லெக்ஸிராவும் தெரியாது. இரண்டு இரவு இருந்தால் ஒரு பகலாவது வெளுக்கும், படகு வரும் நேரமும் ஒருமுறையாவது கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொண்டால் சந்தையும் ஆயிற்று.

பணம், மது, ட்ரோன், இதர விஷயங்கள்?

திர்ஹாமை இந்தியாவில் வாங்க முடியாது, யூரோ அல்லது டாலர் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். கணக்குக்கு ஒரு திர்ஹாம் 9, 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் ஏடிஎம் உண்டு, ஆனால் கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள், மீன்காரரும் டாக்ஸிக்காரரும் ரொக்கம்தான் வாங்குவார்கள், அதுவும் சில்லறையாக. பீர் சில ஹோட்டல்களில் மட்டும், வெளியே குடிக்கக் கூடாது. ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள், அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். மிச்சமான திர்ஹாமை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள், முதலில் மாற்றிய ரசீதைக் கேட்பார்கள், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.